மத சுதந்திரம் இருந்தால் எதையும் செய்யலாமா?

மதத்தின் பெயரில் செய்வதில் சட்டம் தலையிடவே முடியாதா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். நம் அரசியலமைப்பின் 25-வது பிரிவு ஒரு மதத்தை நம்பவும் கடைப்பிடிக்கவும் பரப்பவும் உரிமை தருகிறது, ஆனால் அந்த வாக்கியமே பொது ஒழுங்கு, ஒழுக்கநெறி, சுகாதாரம், மற்ற அடிப்படை உரிமைகள் இவற்றுக்கு உட்பட்டு என்றுதான் ஆரம்பிக்கிறது.

2000-ல் சென்னையில் ஒரு கிறிஸ்தவ சபையின் ஒலிபெருக்கி வழக்கில், அடுத்தவர் நிம்மதியைக் கெடுத்து வழிபடச் சொல்லும் மதம் எதுவும் இல்லை என்றது உச்ச நீதிமன்றம்.

சரி, மறுபக்கம்? அதே நீதிமன்றம்தான் 1986-ல் கேரளாவின் மூன்று பள்ளிப் பிள்ளைகளைக் காப்பாற்றியது. யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த அவர்கள் தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்றார்கள், தங்கள் மத நம்பிக்கையால் பாட மட்டும் மறுத்தார்கள், அதற்கே பள்ளியிலிருந்து நீக்கிவிட்டார்கள். திரும்பச் சேர்க்கச் சொன்னது தீர்ப்பு. எனக்கு மிகவும் பிடித்த தீர்ப்பு இது. அந்த மௌனத்தால் யாருக்கு என்ன கெட்டுப்போனது?