மளிகை கிட்டை நிறுத்தினாத்தான் சொந்தக்கால்ல நிப்பாங்களா?

கேள்வி: அக்கா, கோவில்பட்டி பக்கத்துல இருந்து எழுதுறேன். கொரோனா லாக்டவுன்ல நாங்க ஃப்ரெண்ட்ஸ் எட்டு பேர் சேர்ந்து, சாப்பாட்டுக்கே கஷ்டப்படுற வீடுகளுக்கு மளிகை கொடுக்க ஆரம்பிச்சோம். இன்னிக்கும் 38 குடும்பத்துக்கு மாசாமாசம் 10 கிலோ அரிசி, பருப்பு, எண்ணெய், மசாலான்னு ஒரு கிட் போகுது. வாங்குறது அதே குடும்பங்கதான், ஒண்ணுகூட குறையல. டொனேஷன் மட்டும் குறைஞ்சுக்கிட்டே வருது. எங்கள்ல பாதிப் பேர், இப்படியே கொடுத்தா சோம்பேறி ஆயிடுவாங்க, நிறுத்திட்டு ஆளுக்கொரு தையல் மெஷின் கொடுப்போம்ங்கிறாங்க. மீதிப் பேருக்கு மனசு வரல. மீட்டிங் போட்டாலே சண்டைதான். என்ன பண்ணலாம்? ட்ரஸ்ட்டா ரிஜிஸ்டர் பண்ணணுமா?
— பெயர் வேண்டாம்

பதில்: தம்பி, முதல்ல நேரடியா சொல்லிடுறேன், இப்ப நிறுத்தாதீங்க. அதுக்காக இதே கிட்டை இதே மாதிரி இன்னும் அஞ்சு வருஷம் கொடுங்கன்னும் சொல்ல மாட்டேன்.

அந்த சோம்பேறி பேச்சை முதல்ல முடிச்சிடலாம், ஏன்னா உங்க சண்டை எல்லாம் அங்கதான் ஆரம்பிக்குது. நாலு பேர் இருக்குற வீட்டுல 10 கிலோ அரிசி பத்து நாள் வந்தாலே பெரிசு, மீதி இருபது நாளும் அவங்க வேலைக்குப் போய்த்தானே சாப்பிடுறாங்க? உங்க ஊர்ப்பக்கம் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போறவங்க, காட்டு வேலைக்குப் போறவங்க, கடலைமிட்டாய் பாக்கெட் போடுறவங்க யாராவது உங்க கிட்டை நம்பி வேலைய விட்டாங்களா, ஒருத்தரைக் காட்டச் சொல்லுங்க. பங்களாதேஷ்ல ப்ராக்ங்கிற தொண்டு நிறுவனம் 2002ல பரம ஏழைக் குடும்பங்களுக்குன்னே ஒரு திட்டம் ஆரம்பிச்சாங்க. சாப்பாட்டுச் செலவுக்குக் கொஞ்ச நாள் காசு, கூடவே ஆடு மாடு மாதிரி ஒரு சொத்து, அதை வளர்க்க பயிற்சி, சேமிப்பு, வாராவாரம் ஒரு ஆள் வீட்டுக்கே வந்து பாக்குறது, எல்லாம் சேர்த்து ரெண்டு வருஷம். அதே மாதிரித் திட்டத்தை இந்தியா, பாகிஸ்தான், எத்தியோப்பியா, கானா, ஹோண்டுராஸ், பெருன்னு ஆறு நாட்டுல வேற நிறுவனங்க நடத்த, ஆராய்ச்சியாளர்கள் அதை அளந்து பாத்து 2015ல ரிசல்ட் வெளியிட்டாங்க. சோறு கொடுத்ததால யாரும் படுத்துத் தூங்கல, வேலை பாக்குற நேரம் கூடத்தான் செஞ்சுது, திட்டம் முடிஞ்சு ஒரு வருஷம் கழிச்சும் அந்த முன்னேற்றம் நின்னுச்சு. அடுத்த மீட்டிங்ல இதைச் சொல்லிப் பாருங்க.

இப்ப உங்க 38 வீட்டுக்கு வருவோம். 38ஐயும் ஒரே லிஸ்ட்டா வச்சிருக்கீங்க, எனக்கு அதுதான் உறுத்துது. அதுல கண்டிப்பா தனியா இருக்குற வயசான பாட்டிங்க இருப்பாங்க, படுக்கையில கிடக்குற ஆளை வச்சுப் பாத்துக்கிட்டிருக்குற வீடு இருக்கும். அவங்களை சொந்தக்கால்ல நில்லுன்னு சொல்றது கொடுமை தம்பி, அவங்களுக்குக் கடைசி வரைக்கும் சாப்பாடு போகணும், அந்தப் பேரை எல்லாம் தனி நோட்டுல எழுதிட்டு இந்த விவாதத்துல இருந்தே எடுத்துடுங்க.

மீதி வீடுகளுக்கு கிட் கொடுக்கப் போறப்ப வாசல்லயே நின்னு போட்டோ எடுத்துட்டுத் திரும்பாம (போட்டோவ முழுசா விட்டுடுங்க, அந்த வீட்டுப் புள்ளைங்க உங்க ஊர் ஸ்கூல்லதான் படிக்குது) உள்ள உக்காந்து ஒரு அரை மணி நேரம் பேசுங்க. முதல்ல கேக்க வேண்டியது ரேஷன் கார்டு. கார்டு இல்லாத வீடு நம்ம ஊர்ல எங்க இருக்குன்னு நினைப்பீங்க, உள்ள போனாத்தான் தெரியும். புருஷன் விட்டுட்டுப் போயிருப்பான், இவ பேரும் புள்ளைங்க பேரும் மாமியார் வீட்டுக் கார்டுல இருக்கும், கார்டு அங்க, அரிசி அங்க, இவ மட்டும் ரெண்டு புள்ளையோட அம்மா வீட்டுத் திண்ணையில இருப்பா. பழைய கார்டுல இருந்து பேரை நீக்கினாத்தான் புதுசுக்கு அப்ளை பண்ண முடியும், பேரை நீக்க மாமியார் வீட்டுல போய்க் கேக்கணும், அதுக்கு பயந்தே வருஷக்கணக்கா விட்டிருப்பா. இந்த ஒரு வேலைக்கு உங்க எட்டு பேர்ல ஒருத்தர் துணைக்குப் போனா போதும், ஈ-சேவை மையம், தாலுகா ஆபீஸ் வட்ட வழங்கல் அலுவலர், ரெண்டாவது சனிக்கிழமை நடக்குற ரேஷன் குறைதீர் முகாம்னு நாலு நடை நடந்தா அந்த வீட்டுக்கு மாசாமாசம் அரிசி நிரந்தரமா வரும். உங்க கிட்டை விட அது பெரிசு. அப்படியே விதவை பென்ஷன், கைவிடப்பட்டவங்களுக்கான பென்ஷன், முதியோர் பென்ஷன் வருதான்னு கேளுங்க, 2023 ஆகஸ்ட்ல அதை மாசம் 1,200 ரூபாயா உயர்த்தினாங்க. கண்டிஷன் எல்லாம் இருக்கு, சமூகப் பாதுகாப்புத் திட்ட தாசில்தார் ஆபீஸ்ல விசாரிங்க. பரம ஏழை வீடா இருந்தா அந்த்யோதயா கார்டுக்கு முயற்சி பண்ணுங்க, அதுல மாசம் 35 கிலோ அரிசி.

கார்டு சரியா இருக்குற வீட்டுக்கு நீங்க எதுக்கு அரிசி கொடுக்குறீங்கன்னும் யோசிங்க. தமிழ்நாட்டுல 2011 ஜூன்ல இருந்தே ரேஷன் அரிசி இலவசம். அந்த வீட்டுல குறையுறது பருப்பும் முட்டையும் காய்கறியும் நல்ல எண்ணெயும்தான். அரிசியைக் கழிச்சிட்டு அந்தக் காசுல ஒரு பகுதிக்கு மட்டும் முட்டையும் பயறும் கடலையும் போட்டீங்கன்னா கிட்டோட செலவும் குறையும், புள்ளைங்க உடம்புலயும் ஒட்டும்.

பன்னெண்டு மாசமும் ஒரே கிட் வேண்டாம். ஸ்கூல் நடக்குறப்ப சின்னப் புள்ளைங்களுக்குக் காலை உணவும் மதியச் சத்துணவும் கிடைச்சிடுது, மே மாசம் லீவு விட்டதும் ரெண்டும் ஒண்ணா நின்னுடும், அம்மாவோட கூலி மட்டும் அதேதான். ஜூன்ல நோட்டு, செருப்பு, பஸ்னு செலவு வந்து நிக்கும், காதுல கிடக்குறது அடகுக்குப் போறது அப்பத்தான். அப்புறம் ஐப்பசி கார்த்திகை, மழை புடிச்சா தீக்குச்சி மருந்து காயாது, காட்டுலயும் வேலை இருக்காது. இந்த மாசங்கள்ல கிட்டை டபுளாக்குங்க, தை மாசம் காட்டுல அறுவடை நடக்குறப்ப குறைச்சுக்கலாம். இருக்குற டொனேஷனுக்குள்ள அடங்குற மாதிரி மத்த மாசங்களையும் கணக்குப் போட்டுக்கோங்க.

அடுத்து கடன். இதைக் கேக்காம எந்த உதவியும் பண்ணாதீங்க. வாரக்குழு லோன் எத்தனை ஓடுது, தண்டல் யார்கிட்ட, நகை எங்க இருக்குன்னு கேளுங்க, ஒரே நாள்ல சொல்ல மாட்டாங்க, மூணாவது நாலாவது தடவைதான் வாய் திறப்பாங்க. முன்னாடி சொன்ன அந்தத் திட்டம் மாதிரியே தெலங்கானா மேதக் மாவட்டத்துலயும் ஒண்ணு நடந்துச்சு, அங்க நினைச்ச பலன் வரல. நிறைய பேர் கொடுத்த மாட்டை வித்து பழைய கடனை அடைச்சாங்க, இன்னொரு பக்கம் அந்த ஏரியாவுல கூலி வேலை வருமானமே கூடிக்கிட்டிருந்ததால திட்டத்துல சேராத குடும்பங்களும் அதே அளவு முன்னேறியிருந்தாங்க. கடனை விட்டுட்டு கையில ஒரு மெஷினைக் கொடுத்தா அது எங்க போகும்னு இதுலயே தெரியுது. கந்துவட்டிக்காரன் மிரட்டுறான்னா 2003லயே அதுக்குச் சட்டம் இருக்கு, கலெக்டர் ஆபீஸ்ல மனு கொடுக்கக் கூடப் போங்க.

தையல் மெஷின் விஷயத்துல நான் ரொம்ப உறுதியா சொல்றேன், 38 மெஷின் வாங்காதீங்க. ஒரே டவுன்ல 38 பேர் தைச்சா யாருக்கும் துணி வராது, ஏற்கனவே தெருவுக்கு ரெண்டு பேர் சேலைக்கு ஃபால்ஸ் அடிச்சுக்கிட்டிருப்பாங்க. தைக்கத் தெரிஞ்சு, கஸ்டமர் இருந்து, மெஷின் மட்டும் இல்லாத ஒருத்தர் இருந்தா அவங்களுக்குக் கொடுங்க. மத்தவங்ககிட்ட உனக்கு என்ன தெரியும், என்ன பண்ணணும்னு ஆசைன்னு கேளுங்க.

அவங்க எதைச் சொன்னாலும் காசு எப்ப கைக்கு வரும்னு கூட உக்காந்து கணக்குப் போடுங்க, கிட்டை எப்ப குறைக்கலாம்ங்கிறதுக்கு விடை இதுலதான் இருக்கு. ஒரு அம்மா ரெண்டு வெள்ளாடு கேக்குறாங்கன்னு வைங்க. ஆடு சினை அஞ்சு மாசம். குட்டி போட்டு அது விக்கிற பருவத்துக்கு வர இன்னும் ஆறு ஏழு மாசம். இன்னிக்கு ஆட்டைக் கொடுத்தா முதல் காசு வர ஒரு வருஷம் ஆகும், நடுவுல ஆட்டுக்கொல்லி நோய் வந்தா அதுவும் போச்சு, அதனால கால்நடை ஆஸ்பத்திரியில தடுப்பூசி போட்டே ஆகணும். அந்த ஒரு வருஷமும் வீட்டுல அடுப்பு எரியலைன்னா சினை ஆட்டையே சந்தைக்கு ஓட்டிட்டுப் போவாங்க, நானா இருந்தாலும் அதைத்தான் செய்வேன், நீங்களும் செய்வீங்க. அந்த ஆட்டைச் சந்தைக்குப் போகாம காப்பாத்தி வைக்கிறதே உங்க கிட்டுதான். இன்னொருத்தர் மாவு அரைச்சு விக்கிறேன்னு கிரைண்டர் கேட்டா அன்னன்னிக்கே காசு வந்துடும், மிஞ்சின மாவு புளிச்சுப் போற நஷ்டம் எவ்வளவு, தெருவுல ஏற்கனவே எத்தனை பேர் விக்கிறாங்கன்னு பாத்துக்கோங்க, நாலஞ்சு மாசம் நிலையா ஓடுச்சுன்னா அந்த வீட்டுக்கு கிட்டைப் பாதியாக்கலாம். எப்ப குறைப்போம்னு முதல் நாளே அவங்ககிட்ட சொல்லிடுங்க, திடீர்னு ஒரு மாசம் வராம போறது நம்பிக்கைத் துரோகம். உடம்புக்கு முடியாம போனா, வேலை போனா திரும்ப வாங்கன்னும் சேர்த்தே சொல்லுங்க.

எல்லாரையும் ஒரே நேரத்துல எடுக்காதீங்க, நீங்க எட்டு பேருமே வேலைக்குப் போறவங்கதானே. முதல் வருஷம் ஆறு வீடு போதும், ஒரு வீட்டுக்கு ஒருத்தர் பொறுப்பு, வாரம் ஒரு தடவை கண்டிப்பா போகணும், மீதி ரெண்டு பேர் கார்டு, பென்ஷன்னு ஆபீஸ் வேலைகளைப் பாக்கட்டும். உங்க மீட்டிங்ல கிட் வாங்குற பொம்பளைங்க ரெண்டு பேரும் உக்காரணும், எந்த வீட்டுல நிஜமாவே அடுப்பு எரியலைன்னு உங்களை விட அவங்களுக்குத்தான் தெரியும்.

ட்ரஸ்ட் பத்திக் கேட்டிருந்தீங்க. ஆறு வீட்டுக்கு ஒரு வருஷம் செஞ்சு பாத்துட்டு, தொடர்ந்து செய்வோம்னு நம்பிக்கை வந்தா சார்பதிவாளர் ஆபீஸ்ல பதிவு பண்ணுங்க. டொனேஷன் கொடுக்குறவங்களுக்கு வரிச்சலுகை கிடைக்கணும்னா அதுக்கப்புறம் வருமான வரித்துறையில அதுக்கான பதிவும் அனுமதியும் வாங்கணும், ஒரு ஆடிட்டரைப் பிடிச்சுக்கோங்க. அதுவரைக்கும் பணம் ஒருத்தரோட ஜிபேல வரவே வேண்டாம், ரெண்டு பேர் கையெழுத்து போட்டாத்தான் எடுக்க முடியும்ங்கிற ஜாயின்ட் அக்கவுன்ட் ஒண்ணு இந்த வாரமே ஆரம்பிங்க, வரவு செலவை மாசக் கடைசியில டொனேஷன் கொடுத்த எல்லாருக்கும் அனுப்பிடுங்க.