சம்மதம் கொடுங்கள், ஊர் மனையை மறக்காதீர்கள்

எச்-1பி வேலை விசாவில் அமெரிக்காவில் இருக்கும் பெற்றோர் பலர், பிள்ளை 12ஆம் வகுப்புக்கு வந்ததும், கல்லூரிப் படிப்புக்கு அமெரிக்க மத்திய அரசின் உதவி கேட்கும் ஃபாஃப்சா படிவத்தைப் பற்றிக் கேட்பது இதுதான்: "பொண்ணு இங்கயே பொறந்தவ, சிட்டிசன். ஃபாஃப்சாவுல என் வரிக்கணக்கை எடுத்துக்க சம்மதம் கேக்குது. கொடுக்கலாமா சார்?"

கொடுங்கள். கொடுக்காவிட்டால் உதவித்தொகை மட்டுமல்ல, மத்திய அரசின் கல்விக் கடன்கூட மகளுக்குக் கிடைக்காது. முன்பெல்லாம் வருமான விவரத்தை நாமே தட்டச்சு செய்யலாம். 2019 டிசம்பரில் வந்த ஃபியூச்சர் சட்டத்துக்குப் பிறகு நிலைமை மாறி, 2024-25 படிவத்திலிருந்து வரித்துறையான ஐ.ஆர்.எஸ். நேரடியாகக் கல்வித் துறைக்குத் தரவை அனுப்புகிறது. வரிக்கணக்கே தாக்கல் செய்யாத பெற்றோரும் சம்மதம் தந்தாக வேண்டும்.

உங்கள் விசா நிலையைப் படிவம் கேட்பதே இல்லை. மகள் குடிமகளாக இருந்தால் போதும். (பிள்ளையே எச்-4 எனும் சார்பு விசாவில் இருந்தால் இந்த மத்திய உதவி கிடையாது, கல்லூரிகள் தரும் உதவியைத்தான் தேட வேண்டும்.) வரித்துறையிலிருந்து வரும் எண்கள் மகளின் திரையில் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. படிவத்தில் 20 கல்லூரிகள் வரை சேர்க்கலாம். ஒரு கல்லூரி, நீங்கள் வேறு எங்கெல்லாம் போட்டிருக்கிறீர்கள் என்று பார்க்க முடியாது. மாநில உதவி அலுவலகத்துக்கும் இதே தரவு போகும். ஆனால் நியூ ஜெர்சியில் இருப்பவர்கள் அதோடு விட்டுவிட வேண்டாம். மாநிலத்துக்கென்று தனிக் கேள்விகள் உண்டு, அவற்றையும் முடித்தால்தான் மாநில மானியம்.

சம்மதத்தைவிட நம்மவர்களைப் படுத்துவது பெயர்தான். ஃபாஃப்சாவுக்காக இணையத்தில் கணக்கு தொடங்கும்போது உங்கள் பெயரை, அமெரிக்க அரசு ஆளுக்கொரு எண் தரும் சோஷியல் செக்யூரிட்டி பதிவோடு ஒப்பிடுவார்கள். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. இனிஷியலை ஒரு இடத்தில் விரித்து, இன்னொரு இடத்தில் சுருக்கி, விசாவில் எஃப்.என்.யூ. (முதற்பெயர் தெரியாது) என்று அச்சாகி, ஆளுக்கு மூன்று பெயர் இருக்கும். சோஷியல் செக்யூரிட்டி அட்டையில் எப்படி இருக்கிறதோ அப்படியே போடுங்கள். சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாத அம்மாவும் கணக்கு தொடங்கலாம். ஆனால் இருவரும் சேர்ந்தே வரி தாக்கல் செய்திருந்தால் ஒருவர் போதும், எண் இருப்பவரே செய்துவிடுங்கள். பிள்ளையின் கணக்கை உங்கள் மின்னஞ்சலில் தொடங்காதீர்கள். அந்தக் கடவுச்சொல்தான் கையெழுத்து. அவரவர் கையெழுத்தை அவரவர்தான் போட வேண்டும்.

ஐ.ஆர்.எஸ். அனுப்புவது வரிக்கணக்கில் இருப்பதை மட்டும்தான். வங்கி இருப்பு, பங்குகள், சொத்து எதுவும் அதில் வராது. நீங்கள்தான் எழுத வேண்டும். குடியிருக்கும் வீட்டையும் 401கே எனும் ஓய்வுக்காலச் சேமிப்பையும் எழுத வேண்டாம். ஆனால் தாம்பரத்தில் வாடகைக்கு விட்ட ஃபிளாட், திருச்சியில் வாங்கிப் போட்ட மனை, இந்திய வங்கியில் இருக்கும் எஃப்.டி. எல்லாம் உங்கள் பெயரில் இருந்தால் கணக்கில் வரும். அண்ணன் தம்பிக்குப் பொதுவான சொத்தென்றால் உங்கள் பங்கு மட்டும். கடன் போக மிஞ்சும் மதிப்பை, விண்ணப்பிக்கும் நாளில் என்ன பெறுமோ அதை, டாலரில் எழுதுங்கள். "அது இந்தியாவுல இருக்கு, இவங்களுக்கு எப்படித் தெரியும்" என்று கேட்பவர்களும் உண்டு. தெரிந்தே மறைத்தால் அது பொய் வாக்குமூலம். விசாவில் இருப்பவர் விளையாடக் கூடாத இடம் அது.

இன்னொன்று, சமீபத்தில் வேலை போனவர்களுக்கு. 2026-27 கல்வியாண்டுக்கு எடுக்கப்படுவது 2024ஆம் ஆண்டின் வரிக்கணக்கு. அப்போது இருந்த சம்பளம்தான் கல்லூரிக்குத் தெரியும், இப்போதைய நிலைமை தெரியாது. அதைச் சொல்லப் படிவத்தில் இடமும் இல்லை. படிவத்தை அப்படியே முடித்துவிட்டு, கல்லூரியின் நிதி உதவி அலுவலகத்துக்கு எழுதி மறுபரிசீலனை கேளுங்கள். பணி நீக்கக் கடிதம், கடைசிச் சம்பளச் சீட்டு இரண்டையும் இணையுங்கள். முடிவு அந்தந்தக் கல்லூரியின் கையில்தான். அதனால் கல்லூரிக்குக் கல்லூரி தனித்தனியாக எழுத வேண்டும். இது மட்டும் தானாகப் போய்ச் சேராது.