முதலில் ராஜினாமாவா, முதலில் படிப்பா?

கேள்வி: எனக்கு வயது 37. ஓர் உற்பத்தி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் 13 வருடமாக இருக்கிறேன். மாதக் கடைசி க்ளோசிங் (அந்த மாதக் கணக்கை முடிப்பது), ஆடிட், மறுபடி க்ளோசிங் என்று சலித்துவிட்டது. தரவுகளை ஆராய்ந்து முடிவெடுக்க உதவும் டேட்டா அனலிஸ்ட் ஆக ஆசை. வேலையை விட்டுவிட்டு ஆறு மாத முழுநேரப் படிப்பில் சேரலாமா? வீட்டுக் கடன் இருக்கிறது, பிள்ளைகள் இருவர் பள்ளியில் படிக்கிறார்கள். இந்த வயதில் புதியவராக யார் எடுப்பார்கள் என்ற பயமும் இருக்கிறது.

பதில்: இப்போதைக்கு ராஜினாமாவும் வேண்டாம், படிப்புக்குப் பணம் கட்டவும் வேண்டாம். இரண்டுமே கடைசியில் வரவேண்டியவை. நீங்கள் அவற்றை முதலில் வைத்திருக்கிறீர்கள்.

சலித்துப்போனது எது என்று பிரித்துப் பார்த்தீர்களா? கணக்கு வேலையா, அந்த அலுவலகமா, மேலாளரா, க்ளோசிங் சமயத்து ராத்திரிகளா? இரண்டு வாரம், வேலை முடிந்ததும் இரண்டே வரி எழுதி வையுங்கள்: இன்று எதைச் செய்யும்போது நேரம் போனது தெரியவில்லை, எதைத் தள்ளிப்போட்டேன். இரண்டாவது வரியில் மேலாளர் பெயரே திரும்பத் திரும்ப வந்தால் உங்களுக்குத் தேவை வேறு நிறுவனம்தான், வேறு தொழில் அல்ல. இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் தாவியவர்கள் புது இடத்திலும் அதே சலிப்போடு உட்கார்ந்திருப்பதை நிறையப் பார்க்கிறேன்.

வேலைதான் சலித்தது என்று உறுதியானால், போக நினைக்கும் வேலையைச் செய்து பாருங்கள். விளம்பரங்களில் காட்டும் வண்ண வண்ண டாஷ்போர்டு (எண்களையும் வரைபடங்களையும் ஒரே திரையில் காட்டுவது) அந்த வேலையின் கடைசிக் கட்டம். அதற்கு முன்னால் இருப்பது தரவைச் சுத்தம் செய்யும் வேலை. மேலாளரின் அனுமதியோடு கடந்த மூன்று வருட சப்ளையர் பேமெண்ட் விவரத்தை எடுங்கள். (அலுவலகக் கணினியிலேயே செய்யுங்கள். நிறுவனத்தின் தரவை வீட்டு லேப்டாப்புக்கு அனுப்பி வம்பில் மாட்ட வேண்டாம்.) ஒரே சப்ளையரின் பெயர் மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கும். சில தேதிகளில் நாள் முன்னால், சிலவற்றில் மாதம் முன்னால். ஒரே இன்வாய்ஸ் இரண்டு தடவை ஏறியிருக்கும். அத்தனையையும் சரிசெய்துவிட்டு ஒரே ஒரு கேள்விக்குப் பதில் தேடுங்கள்: சீக்கிரம் கட்டினால் தள்ளுபடி என்று ஒப்பந்தம் இருந்தும் எத்தனை முறை தவறவிட்டோம், அதில் போன பணம் எவ்வளவு? பதிலை ஒரே பக்கத்தில் எழுதி மேலாளரிடம் கொடுங்கள். சுத்தம் செய்யும் கட்டத்திலேயே எரிச்சல் வந்தால் நல்லது, ஆறு மாதப் படிப்புக்கான பணம் மிச்சம். இன்னும் கொஞ்சம் தோண்டலாமே என்று தோன்றினால் மேலே படியுங்கள்.

நீங்கள் மாற்றக்கூடியவை இரண்டு: செய்யும் வேலை, இருக்கும் துறை. இரண்டையும் ஒரேயடியாக மாற்றினால் 13 வருட அனுபவத்துக்கு மதிப்பு கிடையாது, கல்லூரி முடித்து வந்தவரோடு ஒரே வரிசையில் நிற்பீர்கள். வேலையை மட்டும் மாற்றி, உற்பத்தித் துறையிலேயே, முடிந்தால் இதே நிறுவனத்திலேயே நிதித் திட்டமிடல், செலவுப் பகுப்பாய்வு மாதிரியான இடங்களைப் பிடித்தால் கதை வேறு. கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைத்துத் தரும் சீட்டு) ஏன் மைனஸில் வருகிறது என்று உங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஃபார்முலாவையும் ப்ரோகிராமையும் ஏ.ஐ. எழுதித் தரும் காலத்தில், வந்த விடை அபத்தம் என்று பார்த்தவுடன் சொல்லத் தெரிந்தவருக்கு மதிப்பு கூடத்தான் செய்யும். துறையை மாற்றும் ஆசை இருந்தால் அது இரண்டாவது தாவல், இரண்டு வருடம் கழித்துப் பார்க்கலாம்.

ஒரு காலை இங்கே வைத்துக்கொண்டே அங்கே எட்டிப் பார்ப்பது கோழைத்தனம் இல்லை. ஜோசப் ராஃபி, ஜியே ஃபெங் என்ற இரு ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், இருந்த வேலையில் இருந்தபடியே சொந்தத் தொழில் தொடங்கிப் பிறகு முழுநேரமாக மாறியவர்கள் தோற்கும் வாய்ப்பு, முதலிலேயே வேலையை விட்டவர்களைவிட 33 சதவீதம் குறைவாக இருந்தது. அது தொழில்முனைவோர் பற்றிய ஆய்வுதான் என்றாலும் காரணம் உங்களுக்கும் பொருந்தும்: சம்பளம் வந்துகொண்டிருக்கும்போது ஒத்துவராததை விட்டு விலகுவது சுலபம்.

வேலை தேடும்போது நெருங்கிய நண்பர்களையே சுற்றி வராதீர்கள். உங்களுக்குத் தெரிந்ததுதான் அவர்களுக்கும் தெரியும். சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973-இல் எழுதிய கட்டுரையில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில் 16.7 சதவீதத்தினர்தான் அடிக்கடி சந்திப்பவர் மூலம் பெற்றவர்கள். மற்றவர்களுக்கு உதவியது எப்போதாவது பார்ப்பவர்கள். அது சிறிய ஆய்வு. ஆனால் லிங்க்ட்இனில் சுமார் 2 கோடி பேரை வைத்து நடத்தி, 2022-இல் சயின்ஸ் இதழில் வெளியான ஆய்வும் ஏறக்குறைய இதே பக்கம்தான் சாய்ந்தது. ஆகவே பழைய சக ஊழியர், முன்பு ஆடிட்டுக்கு வந்தவர், சாஃப்ட்வேர் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனவர் ஆகியோருக்குச் செய்தி அனுப்புங்கள். வேலை கேட்காதீர்கள், இருபது நிமிடம் கேளுங்கள். "உங்கள் வேலை எப்படி இருக்கிறது?" என்றால் "நல்லா போகுது" என்பார். "போன செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து என்னென்ன செய்தீர்கள்?" என்று கேட்டால் உண்மை வரும்.

பணத்தைப் பற்றி வாழ்க்கைத் துணையோடு உட்கார்ந்து பேசுங்கள். புது வேலையில் எவ்வளவு சம்பளம் கிடைக்கும் என்று விசாரித்து, மூன்று மாதம் அந்தத் தொகைக்குள்ளேயே குடும்பம் நடத்திப் பாருங்கள். மிச்சத்தைத் தனிக் கணக்கில் போடுங்கள். தாங்க முடிகிறதா என்பதும் தெரியும், சேமிப்பும் ஏறும். வீட்டுக் கடன் தவணை உட்பட ஆறு மாதச் செலவு கையில் சேரும்வரை அவசரப்பட வேண்டாம். இப்போதைய நிறுவனம் தரும் மருத்துவக் காப்பீடு எந்தத் தேதியோடு முடியும், நோட்டீஸ் காலம் எத்தனை நாள் என்பதையும் பார்த்து வையுங்கள்.

படிப்பு இதற்குப் பிறகுதான், அதுவும் பகுதிநேரமாக. சப்ளையர் விவரத்தில் எங்கே திணறினீர்களோ அதைப் படியுங்கள். பெரும்பாலும் எக்செலில் தரவைச் சீர்செய்யும் பவர் குவெரி, அடுத்து டேட்டாபேஸிலிருந்து தரவை எடுக்கும் எஸ்.க்யூ.எல்., பிறகு டாஷ்போர்டு செய்யும் பவர் பி.ஐ. போன்ற ஒன்று. பைத்தான் என்ற ப்ரோகிராம் மொழி காத்திருக்கலாம். நூறு சதவீத வேலை உத்தரவாதம் என்று சொல்லும் இடத்தில், முப்பத்தைந்து தாண்டி வேறு பணியிலிருந்து வந்து படித்த இருவரோடு பேச வேண்டும் என்று கேளுங்கள். மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

வயதைப் பற்றிய பயம் ரெஸ்யூமேயில்தான் பாதி தீரும். "சப்ளையர் பேமெண்ட் பொறுப்பு" என்று எழுதினால் நீங்கள் கணக்கர். "மூன்று வருட பேமெண்ட் தரவைச் சீர்செய்து, தவறவிட்ட தள்ளுபடிகளைக் கண்டுபிடித்து, கட்டும் அட்டவணையை மாற்றப் பரிந்துரைத்தேன்" என்று எழுதினால் அனலிஸ்ட். இன்டர்வியூவில் ஏன் மாறுகிறீர்கள் என்பார்கள். கணக்கு வேலையைக் குறைசொல்லாமல் இந்தத் தள்ளுபடிக் கதையையே சொல்லுங்கள். சம்பளம் குறைவாகத்தான் ஆரம்பிப்போம் என்றால், ஆறு மாதத்தில் மறுபரிசீலனை என்ற வரியை ஆஃபர் லெட்டரிலேயே சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். வாய்வார்த்தையாகச் சொன்னவர் ஆறு மாதம் கழித்து அந்த நாற்காலியில் இல்லாமல் போகலாம்.