டென்ட்டில் படுத்தவரே காயவைக்கட்டும்

கேள்வி: தீபாவளி முடிந்து நண்பர்கள் நான்கு பேர் கொழுக்குமலையில் டென்ட் போட்டுத் தங்கிவிட்டு வந்தோம். மறுநாள் வேலைக்குப் போகிற அவசரம். டென்ட்டைக் காயவைத்து எடுத்து வைக்கும்படி மனைவியிடம் சொன்னேன், மறந்துவிட்டார். ஒரு மாதம் கழித்துப் பரணிலிருந்து எடுத்தால் கரும்புள்ளிகள், புளித்த வாடை. வாட்டர்புரூஃப் என்று சொல்லித்தான் விற்றார்கள். தண்ணீரே இறங்காத துணியில் பூசணம் எப்படி வரும்? வீட்டில் இருப்பவர்களுக்கு இதன் அருமையை எப்படிப் புரியவைப்பது?
- வாசகர் ஒருவர், மதுரை

பதில்: இரண்டாவது கேள்விதான் எனக்கு உறுத்துகிறது, அதை முதலில் பேசிவிடுவோம். மலைக்குப் போனது நீங்கள் நாலு பேர். சூரியநெல்லியிலிருந்து ஜீப்பில் குலுங்கிக்கொண்டு ஏறியது, விடியற்காலையில் மேகத்துக்கு மேலே சூரியன் வருவதைப் பார்த்தது எல்லாம் நீங்கள். உங்கள் மனைவிக்கு வந்து சேர்ந்தது ஈர மூட்டையும் சேறு அப்பிய சாக்ஸும் கரி பிடித்த பாத்திரமும். அதற்கு மேல் மறந்துவிட்டார் என்ற பழி வேறு. அது அவருடைய வேலையே இல்லை. டென்ட் காய்ந்து பைக்குள் போகும்வரை உங்கள் பயணம் முடியவில்லை. அதற்கும் சேர்த்து லீவு போடுங்கள்; முடியாதென்றால் ஒரு நாள் முன்னதாகக் கிளம்பி வாருங்கள்.

சரி, துணிக்கு வருவோம். மழையைத் தடுப்பது நைலானோ பாலியெஸ்டரோ அல்ல, அதன் உட்புறம் மெல்லிசாகப் பூசியிருக்கும் பாலியூரித்தேன். பெரும்பாலான டென்ட்களில் இதுதான். வெளியே இருக்கும் தண்ணீரை உள்ளே விடாத அந்தப் பூச்சு, ஈரத்தோடு சுருட்டிவிட்டால் உள்ளே இருக்கும் தண்ணீரை வெளியேயும் விடாது. ஒட்டியிருக்கும் சேறு, சிந்திய டீ, கைப்பட்ட எண்ணெய் இவற்றில் பூசணம் வளர அது போதும். கரும்புள்ளி அப்படி வந்ததுதான். புளித்த வாடை அதைவிட மோசமான சேதி. ஈரமும் வெக்கையும் சேர்ந்து நாள்பட இருந்தால் பூச்சே வேதியியல் ரீதியாகச் சிதையத் தொடங்கும். முதலில் வாடை, பிறகு தொட்டால் பிசுபிசுப்பு, கடைசியில் செதில் செதிலாக உதிரும். மதுரை வீட்டுப் பரணின் வெக்கையைச் சொல்ல வேண்டியதில்லை.

மழை பெய்யாத நாளிலும் டென்ட் ஈரமாகும். நாலு பேர் ராத்திரி முழுக்க விடும் மூச்சுக்காற்றின் ஈரம், உள்கூடாரத்துக்கு மேலே மழைக்காகப் போர்த்தும் மேல்துணி குளிர்ந்திருக்க, அதில் பட்டு முத்து முத்தாகப் படிகிறது. காலையில் உள்பக்கம் கையை வைத்துப் பாருங்கள், நனையும். அதனால் ஜீப் வருவதற்கு முன்பே மேல்துணியைக் கழற்றி உதறி, பழைய துண்டால் துடைத்து, உள்கூடாரத்தோடு சேர்க்காமல் தனிப்பையில் போடுங்கள். அடித்துணியைத் திருப்பிப்போட்டுச் சேற்றை அங்கேயே துடைத்துவிடுங்கள். யார் எதை வீட்டுக்குக் கொண்டுபோய்க் காயவைப்பது என்பதையும் மலையிலேயே பிரித்துக்கொள்ளுங்கள். நாலு பேர் போன பயணத்தின் ஈரம் மொத்தமும் ஒரே வீட்டுக்கு வருவது நியாயமில்லை.

வீட்டுக்கு வந்த அன்றே பையைத் திறந்துவிட வேண்டும். மொட்டை மாடியில் நிழலாகப் பார்த்துக் கொடியில் போடுங்கள். நாள் முழுக்கச் சுள்ளென்ற வெயிலில் விட்டால் நைலான் நைந்துபோகும். ஐப்பசி அடைமழையில் மாடி உதவாது. ஹாலில் இரண்டு நாற்காலிக்கு மேல் விரித்து ஃபேனைப் போட்டு, அவ்வப்போது புரட்டிவிடுங்கள். துணியின் நடுப்பகுதி சீக்கிரம் காய்ந்துவிடும், அதைத் தொட்டுப் பார்த்து ஏமாறக் கூடாது. ஓரம் மடித்துத் தைத்த இடம், ஆணி மாட்டும் வளையம், இழுத்துக் கட்டும் கயிறு, இந்த மூன்றையும் விரலால் அழுத்திப் பாருங்கள். தண்ணீர் ஒளிந்திருப்பது அங்கேதான். ஜிப்பில் மண் இருந்தால் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள்; அரைத்துக்கொண்டே போனால் ஜிப் வாயைப் பிளந்துவிடும்.

ஸ்லீப்பிங் பேக் காய்ந்த பிறகும் அதோடு வந்த சின்னப் பையில் திணித்து வைக்காதீர்கள். அமுங்கிக் கிடந்தால் உள்ளே இருப்பது உப்பும் தன்மையை இழந்து குளிர் தாங்காது. பழைய வேட்டியில் தளர்வாக மூட்டை கட்டி வைத்தால் போதும். ஷூவுக்குள் பாதத்துக்கு அடியில் இருக்கும் அட்டையை உருவிவிட்டு நியூஸ்பேப்பரைத் திணித்து, பேப்பர் நனைய நனைய மாற்றுங்கள். அடுப்புப் பக்கம் வைத்தால் அடிப்பாகத்தின் பசை விட்டுவிடும்.

இப்போது கையில் இருக்கும் டென்ட். வாஷிங் மெஷினில் போடாதீர்கள், பிளீச்சும் வேண்டாம். பூச்சும் தையல் மேல் ஒட்டிய நாடாவும் போய்விடும். தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீர், காரம் குறைந்த சோப்பு, மெல்லிய ஸ்பாஞ்ச். பூசணம் போகும், கறை முழுக்கப் போகாது, அதனால் டென்ட்டுக்குக் கேடு இல்லை. காய்ந்தபின் மேல்துணியின் உள்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். பிசுபிசுப்பு இல்லை என்றால் இன்னும் சில மழை தாங்கும். ஒட்டினால் அந்தத் துணியின் ஆயுள் முடிந்தது. அதை மட்டும் தனியாக வாங்க முடியுமா என்று கடையில் விசாரியுங்கள். பணத்தைத் திருப்பிக் கேட்க வழியில்லை. தொட்டியில் அலசுகிற வேலையை மட்டும் யாரிடமும் சொல்லாமல் நீங்களே செய்யுங்கள்.