விதைக்கு விட்ட காய்

அன்புள்ள ஐயா,

ஆனேக்கல் அருகே அரை ஏக்கரில் இரண்டு ஆண்டுகளாகத் தோட்டம் போடுகிறோம். கோடையின் கடைசி அறுவடை சென்ற ஞாயிறு முடிந்தது. வெண்டை, கத்தரி, சுரை என்று ஒரு காய்கூட வீணாகாமல் பறித்து, அடுக்குமாடிக் குடியிருப்பில் எல்லோருக்கும் கொடுத்தோம். தக்காளியில்தான் மனக்குறை. முதல் ஆண்டு நட்ட அர்க்கா ரக்ஷக் அபாரமாகக் காய்த்தது. அதிலிருந்து எடுத்த விதையைப் போட்டால் செடிக்கு ஒரு மாதிரி காய்க்கிறது. விதையில் ஏமாற்றிவிட்டார்களா? செலவைப் பார்த்து மாமனார் சிரிக்கிறார். தோட்டத்தைத் தொடரலாமா?

சு., பெங்களூரு

அன்புள்ள சு.,

மாமனார் சிரிக்கட்டும். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்று சொன்னவர்கள் அதன் பிறகும் உழுதுகொண்டுதான் இருந்தார்கள்.

தக்காளியில் யாரும் உங்களை ஏமாற்றவில்லை. ஹெசரகட்டா தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அந்த ரகம் வேறு வேறு வகைகளைக் கலந்து உண்டாக்கிய முதல் தலைமுறை வீரிய ஒட்டு. இலைச்சுருள் நச்சுயிரி, பாக்டீரியா வாடல், முன்பருவ இலைக்கருகல் மூன்றையும் தாங்கும். அதன் விதையை மறுபடி போட்டால் ஒரு செடியில் தாத்தா எட்டிப்பார்ப்பார், இன்னொன்றில் பாட்டி. நாட்டுத் தக்காளி போடுங்கள். அது பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்ப்பதால் பிள்ளை தாயைப் போல வரும்.

ஆனால் ‘ஒரு காய்கூட வீணாகாமல்’ என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. எல்லாவற்றையும் பறித்துவிட்டு ஆடிப் பட்டத்துக்கு எதை விதைப்பீர்கள்? மறுபடி கடையில் போய் பாக்கெட் வாங்குவீர்களா? விதைக்கு என்று ஒன்றை விடத் தெரியாதவருக்கு அரை ஏக்கர் எதற்கு?

போன வாரம் பரணைச் சுத்தம் செய்தபோது அம்மாவின் பழைய ஹார்லிக்ஸ் புட்டி கிடைத்தது. அடியில் சாம்பல், அதற்குள் நாலு சுரை விதை. அன்று முதல் இதே நினைப்புதான். நீங்கள் வந்து மாட்டிக்கொண்டீர்கள்.

அல்சூரில் எங்கள் வரிசை வீட்டின் தகரக் கூரைமேல் அம்மா ஒரு சுரைக்கொடி ஏற்றியிருந்தாள். நல்ல காய் ஒன்றில் சிவப்புத் துணி கட்டிவிடுவாள். விருந்தாளியே வந்தாலும் அதில் கத்தி படக் கூடாது. காய்ந்து, குலுக்கினால் விதை சலசலக்கும்வரை அது கொடியிலேயே கிடக்கும். பத்து வயதில் நான் அந்தக் காயைப் பறித்து வகுப்பு ஆசிரியைக்குக் கொடுத்து நல்ல பெயர் வாங்கினேன். அம்மா அடிக்கவில்லை. ஆடி வந்ததும் கிருஷ்ணகிரியில் இருந்த பெரியம்மாவிடம் விதை கேட்கப் பஸ் ஏறினாள். யாரிடமும் ஒரு கரண்டி சர்க்கரை கேட்கக்கூடக் கூசுகிறவள்.

செடிகளைப் பிடுங்கியிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். நோயில்லாத இரண்டு வெண்டைச் செடிகளை இனிமேல் தொடாதீர்கள். இன்று மலரும் பூ சுமார் 5 வாரத்தில் நெற்றாகும். ஆடிக்குச் சரியாக இருக்கும். நாட்டுத் தக்காளி காய்த்தால் அதன் விதையைச் சாறோடு இரண்டு நாள் புளிக்கவிட்டு அலசுங்கள். விதையைச் சுற்றியிருக்கும் வழுவழுப்பு முளைப்பைத் தடுக்கும். சுரை எளிதில் பக்கத்துத் தோட்டத்து ரகத்தோடு கலந்துவிடும். மாலையில் விரியப்போகும் பெண்பூவை முன்பே துணியால் மூடி, விரிந்ததும் ஆண்பூவை நீங்களே தொட்டுவைத்து மறுபடி கட்டுங்கள். அம்மா இதையெல்லாம் செய்ததில்லை. எங்கள் தெருவில் வேறு சுரைக்கொடியே கிடையாது.

மிஞ்சினால் எனக்குப் பத்து விதை அனுப்புங்கள். காய் வேண்டாம்.