பறவை கேளுங்கள்: பங்குனியில் கோடியக்கரை

கேள்வி: எங்கள் தெருப் பெண்கள் பன்னிரண்டு பேர் வேன் பிடித்து, மார்ச் கடைசியில் கோடியக்கரைக்குப் போய் ஓர் இரவு தங்கிப் பறவை பார்க்கப் போகிறோம். “சீசன் ஜனவரியோடு சரி, இனி வெயிலைத்தான் பார்ப்பீர்கள்” என்று என் கணவர் கேலி செய்கிறார். போகலாமா?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: தலை எண்ணுவதற்குத்தான் போகிறீர்கள் என்றால் அவர் சொல்வது சரி. பறவைக் கூட்டம் குளிர்காலத்தில்தான். ஆனால் ஜனவரியில் சேற்றில் இரை தேடும் உள்ளான் பறவைகளைப் பார்த்தால், எல்லாம் சாம்பல் முதுகு, வெள்ளை வயிறு. எது எது என்று புத்தகத்தைப் புரட்டியே பொழுது போய்விடும். மார்ச் கடைசியில் அவை கல்யாணக் களைக்கு, அதாவது இனப்பெருக்கக் கால நிறத்துக்கு, மாறத் தொடங்கியிருக்கும். வளைமூக்கு உள்ளானின் நெஞ்சில் செங்கல் நிறம் திட்டுத் திட்டாக ஏறுவதை இப்போதுதான் பார்க்க முடியும். சைபீரியாவின் வடகோடிக்குப் போய்க் கூடு கட்ட வேண்டிய பறவை அது. கொசு உள்ளானும், அந்தப் பொடி உடம்பை வைத்துக்கொண்டு, அதே வடதுருவக் கரைகளுக்குத்தான் போகிறது. பயணத்துக்குக் கொழுப்பு சேர்க்க வேண்டும் என்பதால் இரண்டும் சேற்றைக் குத்திக்கொண்டே இருக்கும். செல்பேசியில் படம் எடுக்கிறேன் என்று யாராவது கிட்டே ஓடினால், தின்றதைப் பறந்தே செலவழித்துவிடும். அப்படிப்பட்டவரை வேனிலேயே உட்கார வையுங்கள்.

வெயிலைப் பற்றி உங்கள் கணவர் சொன்னது பொய்யில்லை. நடுப்பகலில் சதுப்பு நிலத்தின் மேல் கானல் ஆடும். பூநாரைகூட இளஞ்சிவப்புப் புகையாகத்தான் தெரியும். இரவு தங்குவதே முதல் நாள் மாலையும் மறுநாள் விடியலும் கிடைக்கும் என்பதற்காகத்தான். மாலையைப் புல்வெளிக்குக் கொடுங்கள். 1967-இல் இதைச் சரணாலயமாக்கியதே வெளிமான்களுக்காக. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது 2002-இல். விடிகாலையில் சதுப்புக்குப் போய், சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும்படி நில்லுங்கள். எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கறுப்புதான்.

வனத்துறைத் தங்குமிடத்துக்கு முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். கிடைக்காவிட்டால் வேதாரண்யத்தில் தங்கலாம், சுமார் பத்து கிலோமீட்டர்தான். உப்பளங்களுக்குள் அனுமதி இல்லாமல் இறங்காதீர்கள். இரவில் கண்கிலேடிப் பறவை கத்துவது கேட்கலாம், பன்னிரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாயை மூடினால்.

கேள்வி: எங்களிடம் இருநோக்கி (பைனாகுலர்) ஒன்றுகூட இல்லை. ஆளுக்கு ஒன்று வாங்க வேண்டுமா?
– அதே வாசகி

பதில்: வேண்டாம். இருவருக்கு ஒன்று போதும், 8×42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்பக்கக் கண்ணாடி 42 மி.மீ.) என்று எழுதியிருப்பதாகப் பாருங்கள். பன்னிரண்டு மடங்கு, இருபது மடங்கு என்று கடைக்காரர் ஆசை காட்டுவார்; கை நடுக்கமும் அத்தனை மடங்காகும். மிச்சமாகும் பணத்தில் முக்காலியோடு ஒரு தொலைநோக்கியை வாடகைக்கோ இரவலுக்கோ ஏற்பாடு செய்யுங்கள். சேற்றுக்கு நடுவே நிற்கும் உள்ளானை அடையாளம் காண அது இல்லாமல் முடியாது.

கேள்வி: கணவரையும் அழைத்துப் போகலாமா?

பதில்: வேனில் இடமிருந்தால், தண்ணீர்க் கேன் தூக்க ஆள் தேவைப்படும்.