டியூட்டி லிஸ்ட் பாலிடிக்ஸ்: நீலகிரி நர்ஸ்களின் கேள்விகளும் பதில்களும்

மலையிலிருந்து வந்த கடிதங்களில் பல "வார்டில் ஒரே பாலிடிக்ஸ்" என்றுதான் ஆரம்பிக்கின்றன. ஊரை மட்டும் வைத்துக்கொண்டு, ஆளையும் ஆஸ்பத்திரியையும் அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டேன்.

குன்னூரில் தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். டியூட்டி லிஸ்ட் போடும் இன்சார்ஜ் சிஸ்டரோடு டீ குடிக்கப் போகிறவர்களுக்கு மார்னிங் டியூட்டி, எனக்கு மட்டும் நைட்டுக்கு மேல் நைட். வீடு கோத்தகிரிப் பக்கம். பஸ் இறங்கி எஸ்டேட் வழியே நடக்கும்போது கரடி பயம் வேறு. யாரிடம் சொல்வது மேடம்?

சொல்வது இருக்கட்டும், முதலில் லிஸ்ட்டைப் பாருங்கள். நோட்டீஸ் போர்டில் ஒட்டியதும் போட்டோ எடுத்து வையுங்கள். பென்சிலில் போட்ட லிஸ்ட் மாத நடுவில் மாறும். மூன்று மாதத்தில் யாருக்கு எத்தனை நைட், எத்தனை ஞாயிறு ஆஃப் என்று ஒரு தாளில் எழுதுங்கள். சில சமயம் நாம் நினைத்த அளவு பாரபட்சம் இருக்காது. இருந்தால் பளிச்சென்று தெரிந்துவிடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். திங்கள் இரவு டியூட்டி ஏறி, செவ்வாய் காலை இறங்குகிறீர்கள். அந்தச் செவ்வாயையே லிஸ்ட்டில் 'ஆஃப்' என்று காட்டிவிட்டு, புதன் காலை மறுபடி வரச் சொல்வார்கள். அது ஆஃபே இல்லை, தூக்கத்துக்கான பகல். பல இடங்களில் ஓய்வு நாள் காணாமல் போவது இந்த வழியில்தான். வெளியிலிருந்து பார்த்தால் லிஸ்ட் சுத்தமாகத்தான் தெரியும்.

தாளோடு முதலில் இன்சார்ஜிடமே போங்கள். "என்மேல் உங்களுக்கு என்ன கோபம்?" என்று ஆரம்பித்தால் பேச்சு சண்டையில் முடியும். "எனக்கு இத்தனை நைட் வந்திருக்கிறது, அடுத்த மாதம் குறைத்துக் கொடுங்கள் சிஸ்டர்" என்றால் போதும். மாறவில்லையென்றால் நர்சிங் சூப்பிரண்டென்டுக்கு எழுத்தில் கொடுத்து, நகல் வைத்துக்கொள்ளுங்கள். கரடி விஷயத்தையும் அதிலேயே எழுதுங்கள். நைட் முடிந்து போகிறவர்களுக்கு வண்டி கேட்பது சலுகை கேட்பதாகாது. அப்புறம், டீ குடிக்கக் கூப்பிட்டால் ஒரு நாள் போய்த்தான் வாருங்களேன்.

கூடலூர். டியூட்டி மாறும்போது நோயாளிகளின் விவரத்தை ஒப்படைக்கும் ஹேண்ட் ஓவரை மலையாளத்திலேயே பேசி முடித்துவிடுகிறார்கள். எனக்குப் பாதி புரிவதில்லை. கேட்டால் சிரிக்கிறார்கள். டியூட்டிக்குக் கிளம்பும்போதே வயிற்றைப் பிசைகிறது.

கேரள எல்லையை ஒட்டிய ஊரில் மலையாளம் காதில் விழத்தான் செய்யும், அதை வைத்துச் சண்டை வேண்டாம். ஆனால் ஹேண்ட் ஓவர் அரட்டை இல்லை. நர்சிங் ஸ்டேஷனில் நின்று கேட்காமல், கேஸ் ஷீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பெட்டாகப் போங்கள். "இன்சுலின் எத்தனை யூனிட், எத்தனை மணிக்குப் போட்டீர்கள்?" என்று கேட்டு, பதிலைத் திருப்பிச் சொல்லி, எழுதிக்கொள்ளுங்கள். எழுதும்போது யூனிட் என்பதை முழுசாக எழுதுங்கள். வெறும் 'யு' என்ற ஆங்கில எழுத்தைப் பூஜ்யம் என்று படித்து, 10 யூனிட்டை 100 ஆக்கும் ஆபத்து உலகம் முழுக்கத் தெரிந்த ஒன்று. கோஷ்டி அரசியலால் நோயாளிக்கு ஆபத்து வருவது இந்த மாதிரி இடத்தில்தான். கேள்வி கேட்க வெட்கப்படும் நர்ஸ் ஊகம் செய்ய ஆரம்பித்துவிடுவார். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும், நீங்கள் கேளுங்கள்.

தூக்கம் கெட்டு, அழுகை நிற்காமல் போனால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனஸ் 14416க்குப் பேசுங்கள். கட்டணம் கிடையாது, ராத்திரியிலும் எடுப்பார்கள்.

சூப்பர்வைசர் ராத்திரியில் வாட்ஸ்அப்பில் அசிங்கமாக மெசேஜ் அனுப்புகிறார். "அட்ஜஸ்ட் பண்ணிக்கோ, இல்லையென்றால் வார்டு மாறும்" என்கிறார் சீனியர் அக்கா. (ஊட்டி)

இதற்குப் பாலிடிக்ஸ் என்று பெயர் வைக்காதீர்கள். இது 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வரும் பாலியல் துன்புறுத்தல். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு இருந்தே ஆக வேண்டும். அதைவிடச் சின்ன ஆஸ்பத்திரி என்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுங்கள். மெசேஜை அழிக்காதீர்கள். அந்த அக்காவின் பேச்சை நம்பி நாளைக் கடத்தவும் வேண்டாம்.

சம்பளம் உயர்த்திக் கேட்டதால் என்னை ஒதுக்கி வைத்துவிட்டார்கள். (கோத்தகிரி)

உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி அமைக்கப்பட்ட மத்தியக் குழு, 50 படுக்கைக்குக் குறைந்த தனியார் ஆஸ்பத்திரியிலும் நர்ஸுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று 2016இல் பரிந்துரைத்தது. பரிந்துரைதான், அதைக் காட்டியவுடன் பணம் வந்துவிடாது. தனியாகப் போனால் உங்களைத்தான் குறி வைப்பார்கள். நாலைந்து பேராகக் கையெழுத்துப் போட்டுக் கேளுங்கள்.

நான்தான் இன்சார்ஜ். லிஸ்ட் போட்டாலே "அவங்க ஆளுக்குத்தான் லீவு" என்கிறார்கள். டிசம்பர், ஜனவரியில் தலையே சுற்றுகிறது.

உங்கள் கடிதத்தைப் படித்ததில் சந்தோஷம், இன்சார்ஜ்கள் எழுதுவதே அபூர்வம். கிறிஸ்துமஸ் முடியுமுன் படுகர் பிள்ளைகள் ஹெத்தையம்மன் பண்டிகைக்குப் பேரகணி போக வேண்டும் என்பார்கள், பின்னாலேயே பொங்கல். எல்லோருக்கும் எல்லாம் தர முடியாது. நவம்பரிலேயே ஒரு நோட்டை வார்டில் வைத்து, ஆளுக்கு ஒரு பண்டிகை என்று அவரவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். ஒரே நாளைப் பலர் கேட்டால், போன வருடம் அந்த லீவு கிடைக்காதவருக்கு முதலில். லிஸ்ட்டைப் பேனாவில் போட்டு 25ஆம் தேதிக்குள் ஒட்டிவிடுங்கள். அதற்கப்புறம் மாற்றம் கேட்டு வருகிறவர், பதிலுக்கு வரும் ஆளையும் கூடவே கூட்டி வரட்டும். உங்கள் தோழிக்கும் அதேதான்.